கேப்பு வெடித்தும் மருந்து தாமதமாகப் பிடிக்கிறது: ஒற்றைக்குழல் துப்பாக்கியில் எங்கே கோளாறு?

படுகை வாழை (திருவையாறு பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நிலம் திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடப் படுகையில் இருக்கிறது, இரண்டு ஏக்கர் வாழை. அப்பா காலமான பிறகு அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு முறைப்படி என் பெயரில் உரிமம் வாங்கினேன். குழலின் வாய்வழியாகக் கருமருந்து போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை. குழலின் அடியில் நிப்பிள் என்ற ஓட்டையுள்ள சின்னக் குமிழ் இருக்கும். அதன் மேல் கேப்பு, அதாவது அடிபட்டால் பொறி விடும் சிறு மூடி, மாட்டுவோம். விசையை இழுத்தால் குதிரை என்ற சுத்தி அதன் மேல் விழும். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று போட்டிருப்பார்களே, அதுதான். பன்றி இறங்கும் இரவுகளில் மருந்தும் தேங்காய் நாரும் மட்டும் வைத்து ஒரு வேட்டு போடுவேன். ரவை (ஈயக் குண்டு) போடுவதே இல்லை, சத்தத்துக்கே ஓடிவிடும்.

தேர்தல் நேரத்தில் வழக்கம்போலக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கினேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று கொடுப்பதற்கு முன்பு குழலுக்குள் என்ஜின் ஆயில் தாராளமாக விட்டிருந்தேன். வாங்கி வந்ததும் துணியால் ஒருமுறை துடைத்தேன், அவ்வளவுதான்.

போன வாரம் ராத்திரி நல்ல பனி. சாயங்காலமே கெட்டித்து மோட்டார் கொட்டகையில் சாத்தி வைத்திருந்தேன். இரண்டு மணி வாக்கில் பன்றிச் சத்தம் கேட்டுப் போய், வானத்தைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தேன். குதிரை விழுந்தது, கேப்பு 'டப்' என்றது, மருந்து பிடிக்கவில்லை. சரி, கேப்பு வீணாகிவிட்டது என்று நினைத்துத் தோளிலிருந்து இறக்கினேன். குழல் பாதி இறங்கியிருக்கும், அப்போது வெடித்தது. எதிரே இருந்த வாழையில் இரண்டு இலை நாராகக் கிழிந்து தொங்கியது. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் பத்தடி தள்ளி என் மகன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. மருந்து உரிமக் கடையில் வாங்கியது. இதே டப்பா மருந்து முன்பு நன்றாகத்தான் வெடித்தது. கோளாறு மருந்திலா, கேப்பிலா, துப்பாக்கியிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு ஐயா

தம்பி, கோளாறு எதில் என்பதை அப்புறம் பார்க்கலாம். கேப்பு வெடித்து மருந்து பிடிக்கவில்லை என்றால் குழலை அசைக்கவே கூடாது. எந்தப் பக்கம் பிடித்தீர்களோ அதே பக்கம் அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நில்லுங்கள். அறுபது வரை வாய்விட்டு எண்ணுங்கள், பன்றி போனால் போகட்டும். டார்ச் பிடிக்கிறவர் எப்போதும் உங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ரவை இல்லை என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கெட்டித்த நாரே பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பறித்துவிடும்.

பட்டறைப் பிள்ளை (தஞ்சாவூர்)

என் அப்பா உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து வருடம் இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் பதில் முக்கால்வாசி இருக்கிறது. குழலுக்குள் எண்ணெய் விட்டீர்கள். காவல் நிலையத்தில் துப்பாக்கிகளை வாய் மேலே இருக்க நிமிர்த்தித்தான் சாத்தி வைப்பார்கள். மூன்று மாதத்தில் அந்த எண்ணெய் முழுவதும் எங்கே இறங்கியிருக்கும்? குழலின் அடிக்கும், அங்கிருந்து நிப்பிளுக்குப் போகும் அந்தச் சின்ன வழிக்கும்தான்.

நிப்பிளின் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கேப்பின் பொறி அதில் நுழைந்து, ஒரு முடக்கு திரும்பி, அப்புறம்தான் மருந்தைத் தொட வேண்டும். வழியில் எண்ணெயும் பழைய கரியும் குழைந்து கிடந்தால் பொறி சூடு குறைந்துதான் போய்ச் சேரும். அங்கே எண்ணெய் பட்ட மருந்தும் உடனே பிடிக்காது. ஓரத்தில் கொஞ்சம் கனன்று, அது உலர்ந்த மருந்தைப் பிடிக்கிற அந்த நேரம்தான் நீங்கள் துப்பாக்கியை இறக்கிய நேரம். பனியில் கெட்டித்து வைத்ததும் சேர்ந்துகொண்டது.

கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியே போகும், மீதி குழலில் ஒட்டிக்கொள்ளும். அதில் முக்கால்வாசி உப்பு வகை. பொட்டாசியம் கார்பனேட் அதில் ஒன்று, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுட்டுவிட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டாலே காலையில் உள்ளே கறுப்புச் சகதி, மூன்றாம் நாள் துரு. இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் விட்டுத் துடைப்பது அழுக்கின் மேல் போர்வை போர்த்துவது மாதிரி. அதிலும் என்ஜின் ஆயில் கருமருந்துக் கரியோடு சேர்ந்தால் தார் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

முதலில் துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இடிகம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் விரலை வையுங்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிப்பிள் வரைக்கும் நீளம் வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்துப் புதுக் கேப்பு போட்டும் பிடிக்காத துப்பாக்கியும் அப்படித்தான். வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்து, மருந்து நன்றாக நனைய வாய்வழியாகத் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். அப்புறம் கம்பி நுனியில் திருகு மாட்டி நாரை இழுக்கலாம். உலர்ந்த மருந்தோடு நோண்டவே வேண்டாம்.

காலி என்றால் நிப்பிளை அதற்கான சாவி போட்டுக் கழற்றுங்கள். வராவிட்டால் தட்டி உடைக்காமல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். ஓட்டையைக் குத்த அப்பா வீணைத் தந்தி மிச்சத்தை வைத்திருப்பார். ஆணியோ துளைப்பானோ வேண்டாம். ஓட்டை பெரிதானால் புகை பின்னால் முகத்துக்கு வரும். பிறகு வெந்நீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, குழலின் அடியை வாளிக்குள் வைத்து, கம்பியில் பழைய வேட்டித் துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். கறுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை. கெட்ட முட்டை நாற்றம் வரும், அது கந்தகம்தான். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, துணி ஈரமில்லாமல் வரும்வரை துடைத்து, அப்புறம் மெல்லிசாக எண்ணெய். சாத்தும்போது வாய் கீழே.

கெட்டிப்பதற்கு முன்பு அந்த எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும். மெடிக்கல் ஸ்டோர் ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பிறகு வெறும் துப்பாக்கியில் கேப்பு வைத்து, வாய்க்கு நேராகத் தரையில் ஒரு வைக்கோல் துரும்பு போட்டு அடியுங்கள். துரும்பு துள்ளி நகர்ந்தால் வழி திறந்திருக்கிறது. நகரவில்லை என்றால் மருந்து போடாதீர்கள்.

வேட்டுக்காரர் மகன்

பட்டறை அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்று. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டாம். கோயில் வேட்டுக் குழாய்களை நாங்கள் கொதிநீரில் கழுவிய காலத்தில், காய்வதற்குள் உள்ளே செம்மண் பூசினதுபோல் துரு படர்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும், உடனே துடைத்துவிட வேண்டும். இன்னொன்று, தேங்காய் நார் கனன்றுகொண்டே கிடக்கும். ஒரு வேட்டு போட்டு உடனே அடுத்த மருந்தைக் கொட்டாதீர்கள். டப்பாவிலிருந்து நேராகவும் கொட்ட வேண்டாம். அளவுக் குப்பியில் எடுத்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு கொட்டுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது.

பட்டறைப் பிள்ளை (தஞ்சாவூர்)

சரிதான், தம்பி. வெந்நீர் என்றால் சீக்கிரம் காயும் என்பது அப்பா கணக்கு. ஆனால் துருவை நானும் பார்த்திருக்கிறேன். இளஞ்சூடே போதும்.

படுகை வாழை (திருவையாறு பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வேலைதான். நிப்பிள் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறியும் வரவில்லை, இரண்டாம் நாள் வந்தது. மரைக்குள் கண்மைபோல் கறுப்பு, விரலில் எடுத்தால் இழுபட்டது. தந்தியை விட்டுக் குத்தியதும் உள்ளேயிருந்து மிளகளவு கட்டி ஒன்று விழுந்தது. அப்பா காலத்துக் கரியாகவும் இருக்கலாம். ஐந்து வாளித் தண்ணீர் மாற்றினேன், நாற்றம் வீடு முழுக்க.

கழுவுவதற்கு முன்பே ஒரு கேப்பு அடித்துப் பார்த்தேன், துரும்பு அசையவே இல்லை. கழுவிக் காயவைத்த பிறகு அடித்தேன், ஒரு சாண் தூரம் தள்ளிப் போய் விழுந்தது. மகன் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னான், அப்போதும் போனது. நேற்று மாலை அளவாக மருந்து போட்டு, குழலைப் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, கெட்டித்து உடனே அடித்தேன். கேப்புச் சத்தமும் வேட்டும் ஒன்றாகவே கேட்டன. இனி கொட்டகையில் கெட்டித்து வைக்கப்போவதில்லை.

ஒரு சந்தேகம். குழலின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சொரசொரப்பாகக் குழி குழியாகத் தெரிகிறது. பயன்படுத்தலாமா?

பட்டறைப் பிள்ளை (தஞ்சாவூர்)

நிறுத்தி வையுங்கள் தம்பி. குழியின் ஆழத்தை வாய் வழியாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குழலின் அடியை மூடியிருக்கும் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதை வீட்டில் செய்யக் கூடாது. உரிமப் புத்தகத்தோடு உரிமம் பெற்ற பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பன்றிக்குத் தகரம் தட்டுங்கள்.