ஆள் காணவில்லை: மலையிலிருந்து சில அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

துப்புத் துலங்காத கொலைகள், காணாமல் போனவர்கள் என்றால் இரவு முழுக்கப் படித்துக்கொண்டிருக்கும் ஆள் நான். இங்கே இன்னும் சிலர் அப்படி இருப்பீர்கள் என்று தெரியும். இந்த மோகம் உங்களை எப்போது பிடித்தது, நேரில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா, சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கோடநாடு வேண்டாம். 2017-இல் காவலாளி கொல்லப்பட்ட அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டாம்.

எனக்கு இதை ஒட்டவைத்தவர் தாத்தா. டீ பேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூலை மழையில் கரண்ட் போய்விட்டால் கணப்புச் சட்டியைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, லட்சுமிகாந்தன் கொலை வழக்கை ஆரம்பித்துவிடுவார். 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த ‘இந்துநேசன்’ பத்திரிகை ஆசிரியரை மறித்துக் கத்தியால் குத்துகிறார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போகிறது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிய பத்திரிகை அது. அடுத்த மாதமே தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிறார்கள். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டனில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-இல்தான் விடுதலை ஆகிறார்கள்.

இந்த இடத்தில் தாத்தா நிறுத்துவார். கரியைக் கிளறிவிட்டு, “சரி, இவங்க இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அப்ப குத்துனது யாரு?” என்பார். பத்து வயதில் கேட்ட கேள்வி. நாற்பதைத் தாண்டியும் என்னை விடவில்லை. லண்டனில் 1888-இல் ஒயிட்சாப்பல் பெண்களைக் கொன்றவன், 1971-இல் இரண்டு லட்சம் டாலரோடு விமானத்திலிருந்து குதித்து மறைந்த டி.பி.கூப்பர் என்று நான் எங்கெங்கோ படித்துப் போனதெல்லாம் அந்த ஒரு கேள்வியின் வால் பிடித்துத்தான்.

ஒரு விஷயம் வெகு தாமதமாக உறைத்தது. தாத்தா கதை சொல்லும்போது கண் கலங்குவது பாகவதருக்காக. அந்த வெங்கலக் குரல் சிறையில் வீணானதே, வெளியே வந்த பிறகு பழைய இடம் கிடைக்கவில்லையே என்று. குத்துப்பட்டவருக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கோத்தகிரியிலிருந்து:

என் பைத்தியம் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகத்துக்குக் கொண்டுபோன அமெரிக்கர், போர்க்காலத்தில் உளவு வேலை பார்த்தவர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தார். மதியம் மற்றவர்கள் சற்றே படுத்திருந்த நேரம் வெளியே நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. வயது 61. போலீஸ், ராணுவம், காட்டை உள்ளங்கைபோல அறிந்த ஒராங் அஸ்லி பழங்குடியினர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் தேடியும் ஒரு துணித்துண்டுகூட அகப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து அமெரிக்காவில் அவருடைய அக்காவை யாரோ கொன்றுவிட, கதை இன்னும் பெருத்தது. கடத்தல் என்றார்கள், உளவு என்றார்கள், புலி என்றார்கள். நானும் கடத்தல் கட்சிதான். அத்தனை பேர் தேடியும் கிடைக்காத ஆள் அந்தக் காட்டில் எப்படி இருக்க முடியும் என்று வாதாடுவேன்.

பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு பெரியவர் காணாமல் போனார். ஆடி மாதம். தேயிலைக்கு மேலே உள்ள சோலைப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போனவர். மேகம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது, நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் முப்பது பேருக்கு மேல் டார்ச்சும் அரிவாளுமாகத் தேடினோம். வீட்டில் “பச்சை ஸ்வெட்டர்” என்று சொன்னார்கள். எல்லோரும் பச்சையையே தேடினோம். காட்டில் பச்சையைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தார், உயிர் இல்லை. நாங்கள் ஏறி இறங்கிய அதே ஒற்றையடிப் பாதைக்கு முப்பது அடி கீழே, உண்ணிப் புதருக்குள். வழுக்கி விழுந்திருக்கிறார். பக்கத்தில் ஓடை, மழையில் அதன் இரைச்சல். கூப்பிட்டிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அந்தப் பாதையில் நான் மட்டும் நான்கு முறை போயிருக்கிறேன். போட்டிருந்தது பழுப்பு ஸ்வெட்டர். பச்சை ஸ்வெட்டர் வீட்டுக் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

கேமரன் மலையும் நம் மலை மாதிரிதான். அதே தேயிலை, அதே மேகம், தேயிலை பறிக்கும் நம் தமிழ் ஜனம்கூட. இப்போது தாம்சன் பற்றி யாராவது கேட்டால், பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே எங்கோ ஒரு சரிவில் கிடந்திருப்பார் என்றுதான் சொல்வேன். என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த முப்பது அடி மட்டும்தான்.

கொடைக்கானலிலிருந்து:

நான் டாக்ஸி ஓட்டுகிறேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெவில்ஸ் கிச்சன் பாறைப் பிளவுகளுக்குக் கூட்டிப் போகும்போது வண்டியில் ஏறுகிற முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “இதுக்குள்ள எத்தனை பேர் போயிருக்காங்க?” எண்ணிக்கை கூடக் கூட அவர்களுக்கு ஒரு சந்தோஷம். 2006-இல் கேரளத்து இளைஞர் ஒருவர் உள்ளே விழுந்தபோது, கூட வந்த நண்பர்களில் ஒருவரே இறங்கி உயிரோடு மீட்டுவந்தார். அதைச் சொல்ல ஆரம்பித்தால், “அது தெரியும்ணே, வெளிய வராதவங்களைப் பத்திச் சொல்லுங்க” என்கிறார்கள். முன்பெல்லாம் ஏதாவது ஒரு எண் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை.

கூடலூரிலிருந்து:

படித்துக்கொண்டே வந்தவள், எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் கண்டி பக்கமிருந்து வந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு கிடைத்துக் குடியேறியது. என் சித்தப்பா 1991-இல் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு என்று பஸ் ஏறினார். போய்ச் சேர்ந்தாரா என்பதே தெரியாது. புகார் கொடுக்கப் போன இடத்தில், “வயசுப் பையன்தானே, கோபம் தீர்ந்தா வந்துருவான்” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோதுதான் ‘ஆள் காணவில்லை’ என்று பதிந்தார்கள். அதற்குள் இரண்டு மாதம்.

சட்டத்தில் ஏழு வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது. இயல்பாக யாருக்குத் தகவல் வர வேண்டுமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால், ஆள் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. மேலே கோத்தகிரிக்காரர் சொன்ன தாம்சனையும் 1974-இல், அதே ஏழு வருடம் கழித்துத்தான் இறந்ததாக அறிவித்தார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டிலும் ஏழு முடிந்ததும், கோர்ட்டுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைகளுக்குப் பண உதவி ஏதாவது கிடைக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தி கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். “நான் போட்டா அவரை நானே சாகடிச்ச மாதிரி ஆயிடும்.” தாலியும் பொட்டும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் 239 பேரோடு மறைந்தபோது சித்தி இரவெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ராடார், கடல், விமானி என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் கண், டிவியில் காட்டிய ஹோட்டல் கூடத்தில் அழுதுகொண்டிருந்த பயணிகளின் சொந்தக்காரர்கள் மேலேயே இருந்தது. “யாராச்சும் அவங்களுக்குச் சோறு போட்டாங்களா?” என்று கேட்டார். அடுத்த வருடம் ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கியது என்று செய்தி வந்ததும், “ஒரு துண்டாவது கெடைச்சுதே” என்றார். பொறாமையோடுதான் சொன்னார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு நானும் இந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவள்தான். ஏதாவது ஒன்றிலாவது ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று கடைசிப் பக்கத்தில் இருக்காதா என்று பார்க்கிறேன்.

குன்னூரிலிருந்து, மறுபடியும்:

கூடலூர் தங்கைக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 1948 டிசம்பர் 1, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சோமர்டன் கடற்கரையில் ஒருவர் செத்துக் கிடந்தார். பெயர் இல்லை, உடையில் அடையாளச் சீட்டுகள் இல்லை. பையில் பாரசீகக் கவிதைப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதில் ‘தமாம் ஷுத்’, அதாவது முடிந்தது, என்ற சொற்கள் மட்டும். உளவாளி என்று எழுபது வருடம் பேசினார்கள். 2022-இல் டெரெக் அபாட் என்ற பேராசிரியர், போலீஸ் எடுத்துவைத்திருந்த முக அச்சில் ஒட்டியிருந்த முடியிலிருந்து மரபணு பார்த்து, அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று அறிவித்தார். எப்படிச் செத்தார் என்பது இன்னும் புதிர்தான். ஆனால் அந்தப் பெயரைப் படித்த அன்று நான் அழுதுவிட்டேன். எழுபத்து மூன்று வருடம் கழித்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது.

கோத்தகிரியிலிருந்து, மறுபடியும்:

கூடலூர் அம்மிணி, தப்பாக நினைக்காதீர்கள். சித்தப்பா அன்றைக்கு என்ன போட்டிருந்தார்? புகாரில் எழுதினார்களா? திருப்பூர்ப் பக்கம் பழைய பதிவேடுகளில் தேட எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் பெரியவர் விஷயத்தில் ஸ்வெட்டர் நிறம் தப்பானதால் கேட்கிறேன்.

கூடலூரிலிருந்து:

புகாரில் வெறும் “பேன்ட், சட்டை” என்றுதான் இருக்கிறது. சித்தியிடம் இப்போதுதான் கேட்டேன். ஊதாக் கோடு போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, சாக்லேட் நிறப் பேன்ட், இடது காலில் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நிறமாம், கறுப்பு. கிளம்பும் முன் சித்திதான் தைத்துக் கொடுத்தாராம்.