டெத் வேலியில் அந்த மஞ்சள்: நாங்கள் பார்த்தது

2016 மார்ச் தொடக்கத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்துக்குப் போனேன். வருஷம் முழுக்கச் சேர்த்தாலே 5 சென்டிமீட்டர் சொச்சம்தான் மழை பெய்யும் இடம். ஆனால் முந்தைய அக்டோபரில் வெள்ளமே வந்திருந்தது. அந்த ஈரத்தில் பூ பூத்திருக்கும் என்று நம்பித்தான் கிளம்பினோம். பேட்வாட்டர் சாலையில் தெற்கே, ஆஷ்ஃபோர்ட் மில் பக்கம் நெருங்கியதும் ஒரே மஞ்சள். அந்தப் பூவை டெசர்ட் கோல்ட் என்கிறார்கள், சூரியகாந்திக் குடும்பம்.

காரை ஓரங்கட்டி இறங்கியதும் அம்மா முகம் வாடிவிட்டது. தூரத்தில் பாய் விரித்த மாதிரி இருந்தது, கிட்டப் போனால் வெறும் சரளைக்கல்! செடிக்கும் செடிக்கும் நடுவே தாராளமாக நடந்து போகலாம். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். சரி, கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். பார்வை பூ மட்டத்துக்கு இறங்கியதும் இடைவெளி எல்லாம் மறைந்து பாய் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் அவரை அங்கிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடு.

இதன் தாவரவியல் பெயர் கெரேயா. கிழவர் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம், செடியிலுள்ள வெள்ளை முடியைப் பார்த்து வைத்தது. "நரைச்ச பூ" என்று அம்மா உடனே பெயர் மாற்றிவிட்டார். ஒன்று பறிக்கட்டுமா என்றார். தேசியப் பூங்கா, தொடக்கூடாது.

*

நான் மறு வருஷம் அதே சாலையில் போனேன். வெறும் கல்தான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. டெசர்ட் கோல்ட் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்ந்துவிடும் செடி. விதை மட்டும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். சும்மா தூறலுக்கெல்லாம் ஏமாறாது. முளைப்பதைத் தடுக்கும் பொருள் விதையில் இருக்கிறது, அது கழுவிப் போகுமளவுக்கு மழை நனைக்க வேண்டும். விடுமுறைக்கு விண்ணப்பிக்கும் முன் மழைக்கணக்கைப் பார்த்திருக்கலாம்.

*

அதே 2017-இல், மார்ச்சில், நான் போன இன்னொரு இடம் கலிஃபோர்னியாவிலேயே உள்ள அன்ஸா பொரேகோ பாலைவனப் பூங்கா, ஹெண்டர்சன் கேன்யன் சாலை. அதே பூதான். சின்ன ஊர், கார்கள் நகரவே இல்லை. இறங்கினால் தரையெல்லாம் விரல் தடிமனில் புழுக்கள்! ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சியின் புழுக்களாம். பூ பார்க்க வந்தவன் காலடியையே பார்த்து நடந்தேன். எடுத்த படங்களில் பாதி புழுதான்.