தாத்தா வீடு குழு: மாமா வழக்கும் முன்விடுதலையும்

அத்தை, காலை 6.40
எல்லோருக்கும் வணக்கம். உங்கள் மாமாவைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் பாளையங்கோட்டைச் சிறையில் இருப்பவன் அடுத்த பட்டியலில் விடுதலையாகப் போகிறான் என்று ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். மெய்யா பொய்யா என்று யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. சாட்சி சொல்ல வரவேண்டும் என்று அன்றைக்கு வீடு தேடி வந்து அழைப்பாணை கொடுத்தவர்களுக்கு, இன்றைக்கு ஒரு தாள் அனுப்ப முடியாதா?

பெரியப்பா, காலை 6.58
தங்கச்சி, பதற வேண்டாம். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டு முடியாமல் விட முடியாது என்றுதான் நான் படித்திருக்கிறேன். நம் வக்கீல் எழுந்ததும் விளக்கட்டும். குரல் பதிவாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினால் எல்லோரும் படிக்கலாம்.

வக்கீல் அக்கா, காலை 8.15
அத்தை, வதந்தியா இல்லையா என்பதை விசாரித்துச் சொல்கிறேன். அப்பா சொல்லும் 14 ஆண்டு வரம்பு, மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கு உரியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவில் இருந்தது, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475ஆம் பிரிவாக வந்திருக்கிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் உறுப்பின்படி ஆளுநர் பெயரால் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல் 10 ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளை விடுவிக்க அரசாணை வந்ததும், அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளையொட்டி 700 பேரின் முன்விடுதலை 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதும் அப்படித்தான். எல்லாக் குற்றங்களும் அந்தச் சலுகையில் சேர்வதில்லை. நம் வழக்கு சேருமா என்பதை அந்தந்த அரசாணையைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

சித்தப்பா, காலை 8.40
நான் சொல்வதை அக்கா தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வரப்புத் தகராறில் ஆத்திரப்பட்டு அரிவாளைத் தூக்கியவன் இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டான். சிறையில் நன்னடத்தையோடு இருந்தவனுக்கு வெளியே வர ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் அவன் திருந்துவதற்குக் காரணமே இருக்காது.

அத்தை, காலை 8.52
அவனைச் சாகும்வரை உள்ளே வைத்திருங்கள் என்று நான் எங்கே கேட்டேன், தம்பி? என் மகள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவன் ஏறி உட்காரும்போதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

வக்கீல் அக்கா, காலை 9.30
அத்தை கேட்பதுதான் சரியான கேள்வி. விடுவிக்கலாமா என்பது வேறு, விடுவிக்கப் போவதைச் சொல்ல வேண்டுமா என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தாலே பழிவாங்கத் துடிப்பவர் என்று முத்திரை விழுகிறது.

நம் சட்டம் தீர்ப்பு வரும் வரைதான் பாதிக்கப்பட்டவரை நினைவில் வைத்திருக்கிறது. புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காவல் துறை 90 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனைக் குறைப்பைப் பற்றிய 473 முதல் 475 வரையிலான பிரிவுகளைத் தேடிப் பாருங்கள். தண்டித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடம் கருத்துக் கேட்கலாம் என்று இருக்கிறதே தவிர, கொல்லப்பட்டவரின் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்கு விதிவிலக்கு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 15ஏ பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளை உரிய காலத்தில் அறியும் உரிமையையும், ஜாமீன், விடுதலை, பரோல் தொடர்பாகத் தம் தரப்பைச் சொல்லும் உரிமையையும் பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் தருகிறது. அப்படி அறிவிப்பது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றமும் 2021இல் தெளிவாக்கிவிட்டது. நம் வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் வரவில்லை.

பெரியப்பா, காலை 9.48
அப்படியானால் மேலவளவு வழக்கில் என்ன நடந்தது? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்ற வழக்கு அது.

வக்கீல் அக்கா, காலை 10.20
அதில் எஞ்சியிருந்த ஆயுள் கைதிகள் 13 பேரும் 2019 நவம்பரில், நான் மேலே சொன்ன எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அரசாணையைக் காட்டி விடுவிக்கப்பட்டார்கள். எந்த உத்தரவின் பேரில் விட்டார்கள் என்று அறிவதற்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட வேண்டியிருந்தது. 15ஏ பிரிவு நீதிமன்ற நடவடிக்கையைப் பற்றிப் பேசுகிறது. கோட்டையில் கையெழுத்தாகும் கோப்புக்கு நீதிமன்ற அறிவிப்பு எப்படி வரும்?

2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்த பில்கிஸ் பானுவின் வழக்கிலும் இதே கதைதான். மும்பை நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரைக் குஜராத் அரசு 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவித்தது. இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும் முன் தம் பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை என்றார் அவர். அவரே உச்ச நீதிமன்றம் போன பிறகு, விசாரணை நடந்த மகாராஷ்டிர அரசுக்குத்தான் அந்த அதிகாரம் உண்டு, குஜராத்துக்கு இல்லை என்று கூறி, நீதிபதிகள் நாகரத்னா, உஜ்ஜல் புயான் அமர்வு 2024 ஜனவரி 8 அன்று விடுதலையை ரத்து செய்தது. எல்லோராலும் டெல்லி வரை போக முடியுமா, அத்தை?

இன்னொன்றும் இருக்கிறது. அரசிடம் முன்விடுதலைக் கொள்கை இருந்தால், கைதி மனுப் போடாவிட்டாலும் தகுதியுள்ள ஒவ்வொருவரையும் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக் கைதிகளுக்கு அது நல்ல தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோப்பு தானாக நகரத் தொடங்கினால், நமக்குக் காதில் விழுவதற்கு மனு என்ற ஒன்றும் இருக்காது.

நான், காலை 10.41
அக்கா, வெளிநாடுகளில் இதற்கு ஏற்பாடு ஏதும் உண்டா?

வக்கீல் அக்கா, காலை 10.50
அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1993இல் ஓர் இளம்பெண்ணைத் தாக்கிக் கைதானவன் ஜாமீனில் வெளிவந்தது அவளுக்குச் சொல்லப்படவில்லை. தன் 21ஆவது பிறந்தநாளன்றே அவனால் அவள் கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டே அந்த வட்டாரத்தில், கைதி வெளியேறினால் பதிவு செய்தவருக்குத் தொலைபேசியில் தானாகச் சொல்லும் ஏற்பாடு வந்தது. இங்கே ஆதாருக்கும் சிலிண்டருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சித்தப்பா, காலை 11.15
சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது, மகளே. நம் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழி என்று எத்தனை கொலை பார்த்துவிட்டோம்! இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வாசல் என்று எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்தால், வெளியே வருகிறவன் வீடு போய்ச் சேருவானா? அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்.

வக்கீல் அக்கா, காலை 11.40
சித்தப்பா சொல்வதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆகவே நாளும் வாசலும் கேட்க வேண்டாம். பரிசீலனை தொடங்கும்போது ஒரு தகவலும், கருத்துச் சொல்ல ஒரு வாய்ப்பும், முடிவுக்குப் பின் இன்ன மாதத்தில் விடுதலை, இன்னின்ன நிபந்தனைகள் என்ற தகவலும் போதும். முன்விடுதலைக்கு நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையமும் அறிக்கை தருகிறார்கள். ஊரில் அவன் திரும்பி வாழ முடியுமா என்று விசாரிக்கிறவர்கள், இதே ஊரில் இருக்கும் அத்தையிடமும் கேட்டால் அந்த அறிக்கைக்குத்தான் மதிப்புக் கூடும். ‘எங்கள் தெருவுக்கு வராமல் இருந்தால் போதும்’ என்று அத்தை சொன்னால், அதையே நிபந்தனையாக்க முடியுமா என்று அவர்கள் யோசிக்கலாம் அல்லவா?

பெரியப்பா, பகல் 12.05
சிறைக் கண்காணிப்பாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், உள்துறைச் செயலாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய நால்வருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புவோம். விடுதலையை எதிர்க்கும் மனு அன்று, தகவல் கேட்கும் மனு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

வக்கீல் அக்கா, பகல் 12.20
சரி, அப்பா. வழக்கு எண், தீர்ப்புத் தேதி, மேல்முறையீட்டு எண் மூன்றும் இருந்தால் இன்று இரவே எழுதிவிடுகிறேன். பதில் சொல்ல வேண்டிய கடமை சட்டத்தில் இல்லை என்பதால் பதிலே வராமலும் போகலாம். ஆனால் நம் மனு கோப்பில் இருக்கும்போது, பாதிக்கப்பட்டவர்கள் யாரும் கேட்கவில்லை என்று பிறகு எழுத முடியாது.

அத்தை, பகல் 12.47
தீர்ப்பு நகல் பீரோவில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். மனுவில் பரோலையும் சேர்த்துக்கொள், அம்மா. போன வருடம் அவன் விடுப்பில் வந்து போனதும் அவன் திரும்பிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தொடர்பு எண்ணாக என் எண்ணையே போடு, மகளின் எண் வேண்டாம்.