ஏ-லெவலில் அரசியல் பாடம்: எல்லையோர ஊர்களிலிருந்து இங்கிலாந்து வந்திருக்கும் பெற்றோருக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, மகன் ஏ-லெவலுக்கு (நம் ஊர் மேல்நிலை வகுப்புப் போன்ற படிப்பு) அரசியலை ஒரு பாடமாக எடுப்பேன் என்று நிற்கிறான். அவன் அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. என்ன சொல்வது?" இதே கேள்வியை மூணாறு, மீனாட்சிபுரம் பக்கத்துக் குடும்பங்களும் கேட்டிருப்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

எடுக்கட்டும் அம்மிணி. ஆனால் அந்தப் பாடம் பிள்ளையிடம் எதைக் கேட்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அப்பாவின் அச்சம். கேரளத்தில் படித்தவர்களுக்கு அரசியல் என்றதும் கல்லூரி வாசலில் கொடிக்கம்பமும், மாணவர் சங்க அடிதடியும், பந்த் நாளில் பூட்டிக் கிடக்கும் கடைகளும்தான் கண்முன் வரும். பிள்ளை ஏதாவது ஒரு கட்சிக்குள் போய்விடுவான் என்று அஞ்சுவதில் தவறில்லை. இங்கே நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 406, 407 பிரிவுகள், பள்ளியில் ஒரு கட்சிக்குச் சாதகமாகப் பாடம் நடத்துவதைத் தடுக்கின்றன. சர்ச்சைக்குரிய விஷயங்களை எல்லாத் தரப்பும் தெரியும்படி சமநிலையோடு சொல்ல வேண்டும் என்கின்றன. ஒரே கேள்விக்கு இரு பக்க வாதங்களையும் எடைபோட்டு எழுதத்தான் வகுப்பில் பழக்குகிறார்கள். என் மகள் இந்தப் பாடத்தை முடித்தாள். எந்தக் கட்சியிலும் சேரவில்லை, யார் மேடையில் என்ன பேசினாலும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிறாள். அது எனக்குப் பெருமை.

பாடத்தின் அமைப்பு இதுதான். இங்கிலாந்துப் பள்ளிகளில் பெரும்பாலும் எட்எக்செல் அல்லது ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம் இருக்கும். இரண்டிலும் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். செய்முறையோ, வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்போ கிடையாது. எல்லாம் கடைசித் தேர்வில்தான். எட்எக்செல் பாடத்திட்டத்தில் முதல் இரு தாள்கள் பிரிட்டனின் தேர்தல், நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகியவற்றோடு தாராளவாதம், பழமைவாதம், சமவுடைமை போன்ற சிந்தனைகளைக் கேட்கும். மூன்றாவது தாள் அமெரிக்க அரசியல் அல்லது உலக அரசியல்; எது என்பதைப் பள்ளி முடிவு செய்யும். ஏக்யூஏவில் அமெரிக்காவைப் படித்தே ஆக வேண்டும். பள்ளி பார்க்கப் போகும் மாலையிலேயே எந்த வாரியம், மூன்றாம் தாள் எது என்று கேட்டுவிடுங்கள்.

இனி, நம் பிள்ளைகளைப் பற்றி. எல்லையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பலம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா உழவரை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ், வாக்களிப்பது கேரளத்தில். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அது குறையும் ஆண்டில் தமிழ்நாட்டு அரசிடம் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுப்பவர்களில் தமிழ் பேசும் கேரள உழவர்களும் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் உறவுக்காரருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். மொழி ஒரு பக்கம் இழுக்க, வயல் இன்னொரு பக்கம் இழுக்கும். அடையாளமும் நலனும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதை இங்கிலாந்தில் பிறந்த பிள்ளை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகன் அதை வாய்க்கால் வரப்பில் கேட்டு வளர்ந்தவன்.

அதே தாலுகாவின் பெருமாட்டி ஊராட்சியும் அப்படித்தான். அதிலுள்ள பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2002இல் ஆதிவாசி மக்கள் போராட்டம் தொடங்கினார்கள்; மயிலம்மா அதன் முகமானார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஊராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்ளாட்சி, நீதிமன்றம், போராட்டக் குழு, சூழலியம் என்று பாடத்திட்டத்தின் பல தலைப்புகள் இந்த ஒரு நிகழ்வுக்குள் இருக்கின்றன. தேவிகுளம், பீர்மேடு பிள்ளைகளுக்கு அந்த ஊர்கள் கேரளத்தோடு போன 1956 மாநிலச் சீரமைப்பு வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஆந்திரத்து நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குத் திரும்பிய கதை தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு பிரிட்டனிலிருந்து பிரிவதா என்ற ஸ்காட்லாந்துச் சிக்கல் அயலாக இருக்காது. 2014 வாக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் பிரிவினை வேண்டாம் என்றார்கள். இன்னொரு வாக்கெடுப்புக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாகச் சட்டமியற்ற முடியாது என்று 2022இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

பன்மைப் பண்பாட்டியம் (பல பண்பாட்டினர் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்வது பற்றிய சிந்தனை) என்ற தலைப்பைப் பள்ளி தேர்ந்தெடுத்திருந்தால், படிக்க வேண்டிய சிந்தனையாளர்களில் ஒருவர் குஜராத்தில் பிறந்த பிக்கு பரேக். பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், முகம் மலரும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிட்டன் அரசாங்கம் பற்றிய தாளில் பெருமாட்டியை எழுதினால் மதிப்பெண் வராது. அங்கே பிரிட்டன் எடுத்துக்காட்டுகளே வேண்டும், அதுவும் அண்மைக்காலத்தவை. 2024 பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி சுமார் 34 விழுக்காடு வாக்குகளில் 411 இடங்களைப் பிடித்தது, ரிஃபார்ம் கட்சி சுமார் 14 விழுக்காடு வாங்கியும் 5 இடங்கள்தான் பெற்றது என்பது போன்ற செய்திகள் விரல்நுனியில் இருக்க வேண்டும். அதனால் நாள்தோறும் செய்தி படிப்பது வீட்டுப் பாடத்தின் ஒரு பகுதி. புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். லண்டன் போகும்போது நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் விவாதம் கேட்கலாம், கட்டணம் இல்லை.

உண்மையான கடினம் எழுத்தில்தான் இருக்கிறது. ஊரில் எண் போட்டு ஆறு பாயிண்ட் எழுதினால் முழு மதிப்பெண். இங்கே எட்எக்செல் தேர்வில் 30 மதிப்பெண் கட்டுரைக்குச் சுமார் 45 நிமிடம் கிடைக்கும். வாதம், எதிர்வாதம், இவற்றில் எது வலுவானது, ஏன் என்ற தீர்ப்பு என அத்தனையும் வர வேண்டும். "இரண்டிலும் உண்மை உண்டு" என்று நழுவினால் மதிப்பெண் குறையும். மனப்பாடம் இங்கே உதவாது. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்து நேராக வந்திருக்கும் பிள்ளை என்றால், முதலில் ஆங்கில எழுத்தைத் திடப்படுத்துங்கள். அரசியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் என மூன்று கட்டுரைப் பாடங்களை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். அரசியலோடு கணிதமும் பொருளியலும் சேர்ந்தால் மூச்சு விட இடம் இருக்கும். அரசியலில் ஜிசிஎஸ்இ (ஏ-லெவலுக்கு முந்தைய பள்ளித் தேர்வு) படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஆங்கிலத்தில் நல்ல தரம் இருக்கிறதா என்றே பெரும்பாலான பள்ளிகள் பார்க்கும்.

வேலை, பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாக: சட்டம் படிக்க எந்தக் குறிப்பிட்ட ஏ-லெவல் பாடமும் கட்டாயமில்லை. அரசியல் பட்டப்படிப்புக்கே பொதுவாக ஏ-லெவல் அரசியலைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. மருத்துவம் எண்ணம் இருந்தால் வேதியியல், உயிரியலோடு மூன்றாவதாக அரசியலை ஏற்கும் கல்லூரிகள் பல உண்டு. பொறியியல் என்றால் கணிதம் வேண்டும், பெரும்பாலான படிப்புகளுக்கு இயற்பியலும் வேண்டும். கட்டணத்தைப் பற்றி இப்போதே யோசியுங்கள். வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குப் பொதுவாக நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்கும்வரை பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். எந்தப் பாடம் எடுத்தாலும் இது மாறாது.

கடைசியாக, பலர் தவறவிடும் ஒரு காரியம். இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் பெரியவர்கள் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். நீங்களும் கணவரும் வாக்காளர் பட்டியலில் உடனே பதிந்துகொள்ளுங்கள். மகனுக்கு 16 வயதாகியிருந்தால் அவனும் இப்போதே பதியலாம். இணையத்தில் சில நிமிட வேலை. தேசியக் காப்பீட்டு எண் கைவசம் இருந்தால் எளிது. எண் இன்னும் வரவில்லை என்றாலும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.