‘ரோஹோ’ படத்தில் அந்தக் காலி வீட்டுக்கு ஏன் அவ்வளவு நேரம்?

மாலைக்காட்சி:

பெஞ்சமின் நைஷ்டாட் இயக்கிய ‘ரோஹோ’ படத்தை நேற்று இரவு பார்த்தேன். 2018இல் வந்த அர்ஜென்டினப் படம், கதை நடப்பது 1975இல். இராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முந்தைய மாதங்களைப் பற்றிய அரசியல் த்ரில்லர், சிரிப்பும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பீரங்கியாவது தெருவில் உருளும் என்று காத்திருந்தேன், கடைசிவரை உருளவில்லை.

உணவகத்தில் மேசைக்காக நடக்கும் சண்டையில் சிரித்தேன். சிறிது நேரத்தில் அந்த அந்நியனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தபோது, ஏன் சிரித்தோம் என்று கூச்சமாக இருந்தது. பாதியில் தூங்கிவிட்ட என் கணவர், கிரகணக் காட்சியில் திரை முழுவதும் சிவந்தபோது விழித்துக்கொண்டு, “டிவி போய்விட்டதா?” என்று கேட்டார்.

என் கேள்வி இதுதான். வக்கீல் கிளாவ்தியோ அந்த அந்நியனைப் பாலைவனத்தில் விட்டுவந்த காரியம் ஒருபக்கம் இருக்க, நண்பர் விவாஸ் ஒரு காலி வீட்டை வளைத்துப்போட அவரிடம் யோசனை கேட்கிறாரே, அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? அந்த வீட்டுக்கும் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் என்ன தொடர்பு?

ஒற்றை டிக்கெட்:

பின்னணியை மட்டும் சொல்கிறேன். 1974 ஜூலை 1 அன்று அதிபர் பெரோன் இறந்தார். துணை அதிபராக இருந்த மனைவி இசபெல் அதிபரானார். அவருடைய வலதுகை லோபஸ் ரேகா, சமூகநல அமைச்சர். சோதிடத்திலும் மாந்திரீகத்திலும் ஊறியவர் என்பதால் ஊரார் வைத்த பெயர் ‘மந்திரவாதி’. காவல்துறையில் சாதாரணக் கார்ப்பரலாக ஓய்வுபெற்றவரை 1974இல் ஒரே உத்தரவில் உச்சப் பதவிக்கு ஏற்றிவிட்டார்கள். ‘டிரிபிள் ஏ’ என்ற கொலைப்படைக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1975 ஜூனில் பெசோவின் மதிப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள், விலைவாசி எகிறியது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் லோபஸ் ரேகாவுக்கு ஒரு தூதர் பதவியைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றினார்கள். இந்த ஆட்சியைப் பற்றிப் படம் எடுப்பவர் சிரிப்பை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

1976 மார்ச் 24 அன்று இராணுவத் தளபதி விதேலா தலைமையில் முப்படைகளும் ஆட்சியைப் பிடித்தன. படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பத்திரத்தாள்:

அம்மா, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? சார்பதிவாளர் அலுவலக வாசலில் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என்னைப் பொறுத்தவரை அந்த வீடுதான் படம். மற்றதெல்லாம் அதற்குச் சாட்சிக் கையெழுத்து.

பத்திரத்தில் நான்கெல்லை என்று ஒரு பகுதி உண்டு. வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுப்பாதை, கிழக்கே இன்னார் மனை என்று எழுதுவோம். ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு அக்கம்பக்கத்தாரே அடையாளம். இப்போது முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கேமரா அசையாமல் நிற்கிறது. அந்த வீட்டின் வாசலிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். யாருக்கும் பதற்றம் இல்லை. நான் முதலில் வீடு மாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். அது வீடு மாற்றம் அல்ல, நான்கெல்லைக்காரர்கள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள் என்று புரிந்தபோது கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது விவாஸ். ஒரு சொத்தை எழுத உட்கார்ந்தால் நாங்கள் கேட்பது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது. “விற்பவர் எங்கே?” என்று கேட்கவே மாட்டோம், அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். படத்தில் வீட்டுக்காரர் இல்லை. ஏன் இல்லை என்று வக்கீலும் கேட்கவில்லை, வாங்குகிறவரும் கேட்கவில்லை. நடுவில் ஒரு பினாமியை நிறுத்தினால் காரியம் ஆகுமா என்பதுதான் பேச்சு. அர்ஜென்டினாவில் பத்திரம் எழுதுவது எங்களைப் போல மேசை போட்டுச் செய்யும் தொழில் அல்ல. ‘எஸ்கிரிபானோ’ என்று சட்டம் படித்த, அரசு அங்கீகரித்த அதிகாரி எழுத வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இது நடக்க வேண்டுமென்றால் எத்தனை மேசைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், எண்ணிப் பாருங்கள். இராணுவம் வருவதற்கு முன்பே அந்த மேசைகள் தயாராகிவிட்டன. நீங்கள் கேட்ட தொடர்பு இதுதான்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை ஒருவர் வந்தார். தம்பி ஊரைவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள், தகவல் இல்லை, அவன் பங்கையும் சேர்த்து என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். நம் சட்டப்படி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாக நீதிமன்றம் கருதும். எழுத மாட்டேன் என்று எழுந்து நின்றதாகச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். உண்மையில் “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். மூன்று நாள் யோசித்தேன். அதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தம்பி திரும்பி வந்தானா என்று நான் விசாரிக்கவும் இல்லை. கிளாவ்தியோவின் முகத்தை நான் ஏன் இரண்டு முறை பார்த்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

படத்துக்கு வெளியே நடந்தது இன்னும் மோசம். 1977 ஜனவரியில் அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரைக் கடற்படைக் கும்பல் கடத்திக் கொண்டுபோனது. அவர் திரும்பவே இல்லை. நிலம் மட்டும் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. கம்பெனியின் பெயர் ‘வில்-ரி’. வில்லியம்ஸ், ரியோஸ் என்ற இரண்டு பெயர்களின் தலைப்பகுதிகளை ஒட்டிய பெயர். அந்த இரண்டுமே கடற்படை அதிகாரிகள் வைத்துக்கொண்ட போலிப் பெயர்கள்! 31 ஆண்டுகளில் எத்தனையோ திருட்டுப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யையே கம்பெனிப் பெயராகப் பதிவு செய்த துணிச்சலைப் பார்த்ததில்லை.

இராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு, ‘அவர் இறந்துவிட்டார்’ என்று கையெழுத்துப் போடாமலே சொத்தைப் பார்த்துக்கொள்ள அங்கே வழி பிறந்தது 1994இல்தான். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்’ என்று ஒரு தனி நிலையையே சட்டத்தில் எழுதினார்கள். அந்த வாசகத்தை எழுதியவர் யாரோ, நல்ல பத்திர எழுத்தர்.

கடைசி வரிசை:

ஐயா சொன்ன நான்கெல்லையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் அந்த முதல் காட்சியை நம்பி அங்கேயே நின்றிருக்கலாம். மேடையில் ஆளை மறைய வைக்கும் மந்திரவாதி எதற்கு? ஆட்கள் மறைகிறார்கள் என்பது எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டதே. மகளின் காதலன் செய்யும் கொடுமையும் அப்படித்தான், பெரியவர்கள் செய்ததை இளைஞர்களும் செய்கிறார்கள் என்று அடிக்கோடு போடுகிறது. சிலியிலிருந்து வரும் துப்பறிவாளராக அல்ஃப்ரேதோ காஸ்த்ரோ வந்த பிறகுதான் எனக்குப் படம் மீண்டும் உயிர்பெற்றது. எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார், கைவிலங்கு மட்டும் வெளியே வரவில்லை. கிளாவ்தியோவாக நடித்த தாரியோ கிராந்தினெத்திக்கும், இயக்குநருக்கும், ஒளிப்பதிவுக்கும் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் விருது கொடுத்தார்கள். எழுபதுகளின் படங்களைப் போலவே அந்த ஜூம்களை வைத்ததற்கு ஒளிப்பதிவாளருக்கு இன்னொன்றும் கொடுக்கலாம்.

ஒற்றை டிக்கெட் சொன்ன சிரிப்புக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்சியைப் பிடித்த அன்றே அர்ஜென்டினா போலந்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் இராணுவ அறிக்கைகள் மட்டுமே. அதில் 23ஆம் அறிக்கை, இந்த ஆட்டத்தை ஒளிபரப்ப மட்டும் விலக்கு அளித்தது. 2-1 என்று அர்ஜென்டினா வென்றது.

பத்திரத்தாள்:

மேடை மந்திரவாதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பத்திரத்தில் ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதினால் நான்கூட அடித்துவிடுவேன். ஆனால் இறுதியில் கிளாவ்தியோ வைத்துக்கொள்ளும் டோப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். தலையில் ஒரு பினாமி.

மாலைக்காட்சி:

நான்கெல்லைப் பகுதியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். முதல் காட்சியை மட்டும் இன்றிரவு மறுபடி போடச் சொல்லியிருக்கிறார், இம்முறை தூங்க மாட்டாராம். ஐயாவிடம் கேட்கச் சொன்னார்: அந்த வீட்டுக்கு என்ன விலை பேசினார்கள்?

பத்திரத்தாள்:

இரண்டு முறை பார்த்தும் அதைக் குறித்துக்கொள்ளவில்லையே, அம்மா. தொழிலுக்கே இழுக்கு.