காவி கட்டினால் விபுலாநந்தரா? தரம் 8 வரலாற்று ஒப்படை

கல்லடிப் பாலத்தடி:
மகன் தரம் 8. வரலாற்று ஒப்படையாம், நம்ம பகுதி முன்னோர் ஒருவரைப் போல வேடமிட்டு வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். வகுப்பில் ஒன்பது சுவாமி விபுலாநந்தர், அந்த யாழ் நூல் எழுதிய துறவி! 1892 காரைதீவில் பிறந்தார், 1947இல் மறைந்தார் என்று ஒன்பது பேரும் ஒரே பந்தியைக் கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துப் பாடமாக்குகிறார்கள். இதில் மரியாதை எங்கே இருக்கிறது? காவித் துணிக்குக் கடைக்காரர் விலை ஏற்றியதுதான் மிச்சம்.

கல்முனை ரீச்சர்:
முன்பு பிறிஸ்ரல் போர்ட்டில் படம் ஒட்டச் சொன்னபோது வெட்டியதும் ஒட்டியதும் அம்மாமார்தானே, அதை மறந்துபோனீர்களா? வேடம் போட்டால் பிள்ளையாவது வாய் திறக்கும். போன வருடம் வகுப்பில் பேசவே பேசாத ஒரு பெடியன் வில்லியம் ஓல்ட் பாதிரியாராக வந்தான். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இறந்துபோனவர். கார்ட்போர்டில் வெட்டிய கழுத்துப்பட்டி ஒரு பக்கம் கழன்று தொங்க, “நான் இங்கே ஒரு வருடம்கூட இருக்கவில்லை” என்று அவன் தொடங்கியதும் பின்வாங்கில் இருந்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள்.

கல்லடிப் பாலத்தடி:
அந்த ஒரு பெடியனைக் காட்டி ஒன்பது விபுலாநந்தரை மறைக்காதீங்க ரீச்சர். யாழ் நூல் என்று பெயர் சொல்கிற பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழை இசையும் கணக்குமாகத் தேடிப் போன மனுசன் அவர். போன சனிக்கிழமை நானும் மகனும் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்துத் தங்கூசி (தூண்டில் நைலோன் நரம்பு) இழுத்துக் கட்டினோம். முதலில் சத்தமே இல்லை, அடியில் வெறும் பிஸ்கட் ரின்னை வைத்த பிறகுதான் கேட்டது. 60 சென்ரிமீற்றர் நரம்பு. 30இல் பென்சிலை முட்டுக் கொடுத்துத் தட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில், 40 சென்ரிமீற்றர் பக்கத்தைத் தட்டினால் பஞ்சமம், அதாவது ‘ச’வுக்குப் ‘ப’. “அப்பா, இது பின்னக் கணக்கு” என்றான். அந்தப் பலகையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டால் வேடம் கட்டாயமாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, தவணைப் பரீட்சையில் தங்கூசி வராது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்த இரண்டு வருடத்தையே மாறி மாறி எழுதுகிற பிள்ளைகளுக்கு முதலில் அதைப் படிப்பியுங்கள். ஆடல் பாடலெல்லாம் அப்புறம்.

ஆரையம்பதி அக்கா:
ஐயா, மன்னிக்கணும், நீங்கள் மூன்று பேருமே புத்தகத்தில் வந்த ஆட்களைத்தான் பேசுகிறீர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். என் மகள் அம்மம்மாவைக் கேட்டாள். வீட்டுக் கூரை போன பிறகு பத்தாயத்துக்குள் ஐந்து பிள்ளைகளையும் இருத்தி, மூடியில் தான் ஏறி உட்கார்ந்திருந்த கதை! நானே இவ்வளவு நாளும் கேட்டதில்லை. வேடமும் வேண்டாம், செலவும் வேண்டாம், போனில் பதிந்தால் போதும்.

நாவலடி:
அக்கா, உங்கள் வீட்டில் அது கதையாகிவிட்டது. எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமி இன்னும் கதையாகவில்லை. ஒப்படைக்காகத் தங்கச்சியின் மகன் கொப்பியும் பேனையுமாகப் போய் அம்மாவைக் கேட்டான், “எத்தனை பேர் போனாங்க, பெயர் சொல்லுங்க.” அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பத்துக்கு ஏழு புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கல்முனை ரீச்சர்:
அந்த ஏழு புள்ளியைப் பார்த்து நானும் வெட்கப்படுகிறேன் தம்பி. வீட்டாரை முதலில் கேட்காமல் அப்படி ஒரு ஒப்படை கொடுக்கவே கூடாது. அதனால்தான் செத்து நூறு வருடமானவர்களோடு நிற்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். ஆனால் பாலத்தடி அண்ணன், ஒரு வகுப்புக்கு ஒரு விபுலாநந்தர்தான் என்று அடுத்த தவணை சொல்லிவிடுகிறேன், மற்ற எட்டுப் பேரும் பலகை கொண்டு வரட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
எட்டுப் பலகையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் பக்கத்து வகுப்பில் யார் படிப்பிப்பது?

கல்லடிப் பாலத்தடி:
ஐயா, மரத்தடியில் வைப்போம். பிஸ்கட் ரின் மட்டும் நீங்கள் தாருங்கள்.