லண்டனில் வீடு வாங்க இடம் தேடும் குடும்பங்களுக்கு: ரயிலேறாமல் ஊரில் இருப்பவர்களின் பகலைப் பாருங்கள்

ஹாரோவா, இல்ஃபோர்டா, ஸ்லவ்வா? லண்டனுக்கு வந்து கொஞ்ச காலம் வாடகை வீட்டில் இருந்து, வேலையும் விசாவும் ஒரு நிலைக்கு வந்ததும் எல்லார் வீட்டிலும் எழுகிற கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்கோடு வருகிறார்கள்: ஆபீசுக்கு ரயிலில் எத்தனை நிமிடம், மூன்று படுக்கையறை வீடு என்ன விலை. இரண்டும் போட வேண்டிய கணக்குதான். ஆனால் ரயிலேறிப் போகிறவர் குளிர்கால வார நாட்களில் அந்த ஊரை வெளிச்சத்தில் பார்ப்பதே அபூர்வம். பகல் முழுக்க அங்கே இருக்கப் போவது பிள்ளைகள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவரோ மனைவியோ, ஆறு மாத விசிட் விசாவில் வந்து தங்கும் அப்பா அம்மா. இவர்களுடைய பகல் நன்றாக ஓடுகிற இடம்தான் குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்பது என் உறுதியான எண்ணம். அதை வைத்துப் பார்த்தால் தேடும் விதமே மாறிவிடும்.

முதலில் ரயில். லண்டனைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் ரயில் பாதையான எலிசபெத் லைன் 2022 மே மாதம் திறந்தது. அதே வருடம் நவம்பரிலிருந்து கிழக்கே இல்ஃபோர்ட், ரோம்ஃபோர்ட் பக்கமிருந்தும், மேற்கே ஸ்லவ், ரெடிங் பக்கமிருந்தும் மாறாமல் நடு லண்டனுக்குப் போக முடிகிறது. நிமிடக் கணக்கை ஏஜெண்ட் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை எவ்வளவு நேரம் என்று நீங்களே ஒரு வார நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். இல்ஃபோர்டிலிருந்து ஆபீசுகள் நிறைந்த கானரி வார்ஃபுக்கு எலிசபெத் லைனில் போனாலும் ஒயிட்சேப்பலில் இறங்கி மாற வேண்டும். வரைபடத்தில் ஒரே நிறக் கோடாகத் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஸ்டேஷனுக்குப் பஸ் பிடித்துப் போகிற தூரம் என்றால், மழை நாளில் அந்தப் பஸ் எப்படி வருகிறது என்பதும் உங்கள் பயண நேரத்தில் சேர்த்தி.

இரண்டு வழி இருக்கிற இடமா என்றும் பாருங்கள். ஹாரோ ஆன் த ஹில்லில் மெட்ரோபாலிட்டன் லைனும் உண்டு, மேரிலபோனுக்குப் போகும் சில்டர்ன் ரயிலும் உண்டு. ரேய்னர்ஸ் லேனில் மெட்ரோபாலிட்டனும் பிக்காடில்லியும் ஒரே நிலையத்தில். இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் நின்றுபோனால், வடக்கே கான்ட்ஸ் ஹில்லில் சென்ட்ரல் லைன் இருக்கிறது. பிள்ளையை ஆறு மணிக்குள் ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பிலிருந்து அழைத்து வர வேண்டிய நாளில் சிக்னல் கோளாறு வந்தால், இந்த இரண்டாவது வழியின் அருமை புரியும்.

அப்புறம், நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எலிசபெத் லைனில் எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து பிளாட்ஃபாரம் வரை படியேறாமல் போகலாம். பழைய டியூப் (சுரங்க ரயில்) நிலையங்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும், முட்டி வலிக்கிற அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றுவதும் தினசரி வேலையாகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே கிளம்பவே தயங்குவார்கள்.

ஸ்லவ் பக்கம் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்லவ் லண்டன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எலிசபெத் லைன் போனாலும் ஓய்ஸ்டர் கார்டு (லண்டன் பஸ், ரயில் கட்டணத்துக்கான கார்டு) வெஸ்ட் டிரேட்டனோடு நின்றுவிடும். அதற்கு மேல் பேங்க் கார்டைத்தான் தட்ட வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். லண்டனுக்குள் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்களுக்கான ஸிப் ஓய்ஸ்டர் கார்டு வைத்திருந்தால் லண்டன் பஸ்களில் இலவசம். ஸ்லவ்வில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பிள்ளைகள் ஏழு வருடம் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிற செலவை வீட்டு விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்லவ்வைத் தள்ளச் சொல்லவில்லை. அங்கே போகிறவர்களை இழுக்கும் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அது பள்ளி.

பள்ளிக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு தொடங்கும். அதற்கு அந்த வருடம் ஜனவரி 15-க்குள் கவுன்சிலில் (உள்ளாட்சி அமைப்பில்) விண்ணப்பிக்க வேண்டும். முடிவு ஏப்ரல் 16 வாக்கில் வரும். ஏழாம் வகுப்புக்கு, பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போது அக்டோபர் 31-க்குள் விண்ணப்பம், மார்ச் 1 வாக்கில் முடிவு. இந்தத் தேதிகளுக்குள் நீங்கள் புது முகவரியில் இருக்க வேண்டும், அல்லது கவுன்சில் ஏற்கிறபடி வீடு வாங்கும் ஒப்பந்தம் கைமாறியிருக்க வேண்டும். இங்கே விலை பேசி முடித்த பிறகு வீடு கைக்கு வர மாதக்கணக்காகும். அதனால் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததுமே தேடத் தொடங்கினால்தான் நிம்மதி.

பொதுவான அரசுப் பள்ளிகளில் இடம் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான். ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ படிக்கும் பிள்ளைகள் போன்ற முன்னுரிமைக்காரர்கள் போக, மீதி இடங்கள் பள்ளிக்கு அருகில் இருப்பவர்களுக்கு. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதைக் கவுன்சில்கள் வருடாவருடம் வெளியிடுகின்றன. வீடு பார்க்கும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. போன வருடம் 0.6 மைல் என்று நின்ற பள்ளி, அக்கம்பக்கத்தில் புது அடுக்குமாடி வந்ததும் 0.4 மைலுக்குச் சுருங்கலாம். மூன்று நான்கு வருடத்து எண்களில் மிகக் குறைவானது எதுவோ அதற்குள் வீடு விழுகிறதா என்று பாருங்கள். சில கவுன்சில்கள் நேர்கோட்டில் அளக்கும், சில நடந்து போகிற வழியை அளக்கும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் இந்த வித்தியாசம் ஒன்றே இடத்தைத் தட்டிவிடும். ‘அருமையான பள்ளிக்குப் பக்கத்தில்’ என்று ஏஜெண்ட் சொன்னால், அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் தர மதிப்பீட்டைப் பற்றியும் பழைய தகவல் நிறையச் சுற்றுகிறது. ஒட்டுமொத்தமாக ஒரே வார்த்தையில் (‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘குட்’ போல) பள்ளிக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். வீட்டு விளம்பரத்தில் இன்னும் அந்த வார்த்தை ஓடினால், அது எந்த வருடத்து ஆய்வு என்று பார்த்து, அறிக்கையை முழுசாகப் படியுங்கள்.

இனி கிராமர் ஸ்கூல், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி. ஸ்லவ்வில் நான்கு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. இல்ஃபோர்ட் இருக்கும் ரெட்பிரிட்ஜில் ஆண்களுக்கு இல்ஃபோர்ட் கவுன்டி, பெண்களுக்கு வுட்ஃபோர்ட் கவுன்டி என்று இரண்டு. ஹாரோ கவுன்சில் பகுதியில் அரசு கிராமர் பள்ளி எதுவும் இல்லை. புதிதாக வருபவர்கள் ‘ஹாரோ ஸ்கூல்’ என்ற பெயரைக் கேட்டு மயங்கிவிடுகிறார்கள். அது சர்ச்சிலும் நேருவும் படித்த, கட்டணம் வாங்கும் ஆண்கள் விடுதிப் பள்ளி. அதற்கும் பக்கத்துத் தெருவில் வீடு வாங்குவதற்கும் சம்பந்தமில்லை. கிராமர் பள்ளியில் சேர்வதற்கான 11 பிளஸ் தேர்வு ஆறாம் வகுப்பின் தொடக்கத்திலேயே, செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை விதிகள் வேறு வேறு. ஆனால் ஒன்றை வேண்டிச் சொல்கிறேன். கிராமர் கிடைக்கும் என்று நம்பி மட்டும் ஒரு பகுதியில் வீடு வாங்காதீர்கள். தேர்வில் தேறாவிட்டால் நடந்து போகிற தூரத்தில் உள்ள சாதாரணப் பள்ளி உங்களுக்கு ஏற்புடையதா என்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் ஒரு தேர்வின் மீது இருபத்தைந்து வருட மார்ட்கேஜை ஏற்றுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

சரி, வீடு. ஹாரோ, பின்னர் (Pinner), ரேய்னர்ஸ் லேன் பக்கம் வரிசை வரிசையாக ஒரே மாதிரி இரட்டை வீடுகள் (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்பவை) நிற்பதற்குக் காரணம் ரயில்வேதான். மெட்ரோபாலிட்டன் ரயில்வே தன் பாதையோரப் பகுதிகளுக்கு 1915-இல் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. 1919-இல் வீட்டுமனைக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த அந்த வீடுகள், ரயிலில் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கென்றே கட்டப்பட்டவை. முன்பக்கம் வளைந்த ஜன்னல், பின்னால் நீளமான தோட்டம், மாடியில் இரண்டு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும். நமக்கு இடிக்கிற இடம் ஒன்றுண்டு: கட்டியபோது குளியலறையும் டாய்லெட்டும் மாடியில் மட்டும்தான். முன் வாசலில் நுழைந்ததும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன டாய்லெட் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்பா அம்மா வந்து தங்கும்போது அந்தச் சின்ன அறைதான் வீட்டிலேயே பயனுள்ள அறை. இல்லாவிட்டாலும் போட முடியுமா, கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரியுங்கள்.

இந்த வகை வீட்டில் சமையலறை பின்பக்கம் ஒடுக்கமாக இருக்கும். வழக்கமான நிபந்தனைகளுக்கு உட்பட்டால், பிளானிங் அனுமதி இல்லாமலே பின்னால் 3 மீட்டர் வரை ஒரு தளம் நீட்டலாம். கூரையில் 50 கன மீட்டர் வரை அறையாக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இதற்குக் கட்டுப்பாடு அதிகம். ஏற்கெனவே நீட்டிக் கட்டிய வீடு என்றால், அது விதிப்படி கட்டப்பட்டது என்று காட்டும் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழைக் கேளுங்கள். வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேயில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஃப்ளாட் வாங்குகிறவர்கள் லீஸ் (குத்தகைக் காலம்) இன்னும் எத்தனை வருடம், சர்வீஸ் சார்ஜ் (கட்டிடப் பராமரிப்புக் கட்டணம்) மூன்று வருடத்தில் எப்படி ஏறியது என்ற இரண்டையும் பார்க்காமல் விலையே பேச வேண்டாம்.

வீட்டில் இருப்பவருக்குக் கார் ஓட்ட வருமா என்பது இடத்தைத் தீர்மானிக்கிற பெரிய விஷயம். இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்து இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி இந்த ஊர் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். அதுவரைக்கும் காய்கறிக் கடை, ஜிபி (குடும்ப டாக்டர்), பூங்கா, நூலகம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இல்லையென்றால் அவர் நாள் முழுக்க நான்கு சுவருக்குள்தான். சவுத் ஹாரோ, ரேய்னர்ஸ் லேன், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் போன்ற தெருக்களில் முருங்கைக்காயும் இடியாப்பமும் கிடைக்கும், தமிழில் நாலு வார்த்தை பேசலாம். வெஸ்ட் ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயிலுக்கு எலிசபெத் லைன் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் பல பகுதிகளில் நடக்கின்றன. தமிழ்க் கடை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு இடத்தில் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்குப் போகிறவர் ‘அதெல்லாம் வாரக் கடைசியில் போய்க்கலாம்’ என்று சொன்னால், அதை முடிவு செய்கிற உரிமை பகலில் வீட்டில் இருப்பவருக்குத்தான் என்பேன்.

வீட்டைச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வார நாளில் மூன்று மணிக்குப் பள்ளி விடுகிற நேரத்தில் அந்தத் தெருவில் நடங்கள். வாசலில் பெற்றோர்கள் நின்று பேசுகிறார்களா, காரிலேயே வந்து காரிலேயே போய்விடுகிறார்களா என்று பார்த்தாலே ஊர் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். நவம்பர், டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்தரை மணிக்கு நிலையத்திலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள்; குறுக்கு வழியில் விளக்கு இருக்கிறதா, உங்கள் மனைவியோ மகளோ தனியாக வருவார்களா என்று அவர்களையே கேளுங்கள். ஹவுன்ஸ்லோ பக்கம் பார்ப்பவர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் போங்கள். மேற்குக் காற்று வீசும் நாட்களில் ஹீத்ரோவில் விமானம் இறங்கும் ஓடுபாதையை மதியம் 3 மணிக்கு மாற்றுவார்கள். காலையில் அமைதியாக இருந்த தெருவில் மாலையில் தலைக்கு மேலே இரைச்சலாக இருக்கும். நிலையத்தை ஒட்டிய தெருக்களில் பார்க்கிங் பர்மிட் வேண்டுமா, விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, பட்ஜெட் போடும்போது நம்மவர்களைத் திடுக்கிட வைப்பது ஸ்டாம்ப் டியூட்டி, அதாவது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி. முதல் வீடு வாங்குபவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 3 லட்சம் பவுண்ட் வரை வரி இல்லை. அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். விலை 5 லட்சத்தைத் தாண்டினால் சலுகையே இல்லை. ஆனால் ‘முதல் வீடு’ என்பது உலகத்திலேயே முதல் வீடு. தாம்பரத்தில் உங்கள் பெயரில் ஒரு ஃப்ளாட் இருந்தாலும், அப்பாவின் வீட்டில் பங்கு வந்திருந்தாலும், நீங்கள் முதல் முறை வாங்குபவர் ஆக மாட்டீர்கள். சேர்ந்து வாங்கினால் இருவருமே அந்தத் தகுதியோடு இருக்க வேண்டும். அதற்கும் மேல், அந்த ஊர்ச் சொத்தில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு அதிகமாக இருந்தால், இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகக் கணக்காகி விலை முழுவதற்கும் கூடுதலாக 5 சதவீதம் விழலாம். கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் இருந்தாலும் இதே கதிதான். 4,50,000 பவுண்ட் வீட்டுக்கு முதல் முறை வாங்குபவர் கட்டுவது 7,500 பவுண்ட். அதே வீட்டுக்குக் கூடுதல் வரியும் சேர்ந்தால் 35,000 பவுண்ட். விலை பேசுவதற்கு முன்பே ஊர்ச் சொத்து விவரம் முழுவதையும் சொலிசிட்டரிடம் (வக்கீலிடம்) சொல்லி, உங்களுக்கு எது பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்ட்கேஜ் புரோக்கரிடம் விசா முடியும் தேதியையும் அன்றே சொல்லிவிடுங்கள். எவ்வளவு டெபாசிட் கேட்பார்கள் என்பது பேங்குக்கு பேங்க் மாறும்.